இன்ஸ்ட்ருமென்டேஷன் கேட்கும் மகளும் பல்லடத்து அப்பாவும்

அண்ணா, வணக்கமுங்க.

போன வாரம் உங்கள் மகள் அம்மணி வெளியே போன நேரம் பார்த்து, "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கிற கட்-ஆஃப் இருந்தும் இன்ஸ்ட்ருமென்டேஷன்தான் வேணுங்கறா, பிளாஸ்மாங்கறா, ஒண்ணும் புரியலீங்க" என்றீர்கள். அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மில்லில் பழைய ரிலே சுவிட்ச் பேனலைக் கழற்றி, மெஷினை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டரான பி.எல்.சி. மாட்டிய கதையைச் சொன்னீர்கள் அல்லவா? மெஷினை அளந்து கட்டுப்படுத்தும் கருவிகளைப் பற்றிய படிப்புதான் இன்ஸ்ட்ருமென்டேஷன். அம்மணி ஆசைப்படுவதும் அந்த வேலைதான், மெஷின்தான் வேறு. குஜராத்தில் காந்திநகர் பக்கம், அணுசக்தித் துறையின் கீழ் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே 1989-இல் ஓடத் தொடங்கியது ஆதித்யா என்ற டோகமாக். வளையம் போன்ற கலனுக்குள் வாயுவைச் சூடேற்றி, மின்னேற்றம் பெற்ற பிளாஸ்மாவாக்கி, சுவரில் படாமல் காந்தப்புலத்தால் பிடித்து வைக்கிற மெஷின் அது. அணுக்கருக்களை ஒன்றுசேர்க்கும் அணு இணைவில் மின்சாரம் எடுக்க வேண்டும் என்பதற்கான நீண்ட முயற்சியில் ஒரு படி. அதையே மாற்றிக் கட்டி, 2016 டிசம்பரில் ஆதித்யா-யு என்று முதல் பிளாஸ்மா எடுத்தார்கள்.

ஒருமுறை ஓட்டுவதை 'ஷாட்' என்பார்கள். ஆதித்யாவில் ஒரு ஷாட் ஒரு நொடிகூட நிற்காது. அதற்குள் காந்தச் சுருள், மின்னோட்டம், வெப்பநிலை, அடர்த்தி என்று ஏகப்பட்ட சிக்னல்களைப் பதிவு செய்தாக வேண்டும். சிக்னலைப் பதியும் எல்லா எலெக்ட்ரானிக் கார்டுக்கும் 'தொடங்கு' என்கிற ட்ரிக்கர் ஒரே நேரத்தில் போக வேண்டும். ஒரு கார்டு ஒரு மில்லி நொடி பிந்தினால் போதும், பிளாஸ்மா முதலில் நகர்ந்ததா, மின்னோட்டம் முதலில் விழுந்ததா என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

இதற்கெல்லாம் பல நாட்டு ஆய்வகங்களில் காமாக் என்ற கார்டுப் பெட்டிகளை வைத்திருந்தார்கள். 1970-களின் சரக்கு, உதிரி கிடைப்பது கஷ்டம். ஆனால் ஒரே நாளில் பிடுங்கிப் போடவும் முடியாது. ஒரே சென்சாரிலிருந்து பழைய கார்டுக்கும் புதியதற்கும் இணைப்புக் கொடுத்து, ஷாட் ஷாட்டாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பழையதைக் கழற்ற வேண்டும். பத்து வருஷத்துக்கு முந்தைய ஷாட்டும் புது மென்பொருளில் திறக்க வேண்டும். பெரிய மின்னோட்டம் பக்கத்தில் பாயும்போது எர்த்திங் தப்பானால் சிக்னல் முழுக்க இரைச்சல்தான், அதனால் பல இடங்களில் ஒயருக்குப் பதில் ஆப்டிகல் ஃபைபர். ஆபத்தென்றால் நிறுத்தி மெஷினைக் காக்கும் இன்டர்லாக்கை மட்டும் சாதாரணக் கம்ப்யூட்டரை நம்பி விடாமல் தனியாக வைப்பார்கள். புரோகிராம் மட்டும் தெரிந்தவரால் இது ஆகாது. ஒயரும் தெரிய வேண்டும்.

சரி, வேலை? பிளாஸ்மாவில் இடங்கள் குறைவுதான், மறைக்க மாட்டேன். ஆனால் அணு இணைவுக்காகப் பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் எழுப்பும் ஐட்டர் திட்டத்தில் இந்தியாவும் ஒரு பங்காளி. மேற்படிப்புக்கும் வேலைக்கும் எழுதும் கேட் தேர்வில் இன்ஸ்ட்ருமென்டேஷனுக்குத் தனித் தாளே உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளியும் இந்தப் படிப்பை எடுத்துக்கொள்கிறது. அதுவும் அமையாவிட்டால் மருந்துக் கம்பெனி, மின் நிலையம், நம்ம ஊர் மில்களுக்கே இந்த ஆள்தான் வேண்டும்.

அம்மணி முதல் வருஷத்திலேயே லினக்ஸும் பைத்தானும் பழகட்டும். அப்புறம் எபிக்ஸ், பெரிய மெஷின்களைக் கட்டுப்படுத்தும் மென்பொருள். ஐட்டரின் கன்ட்ரோல் சிஸ்டம் அதன்மேல்தான் நிற்கிறது, காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். தோட்டத்து மோட்டாரின் வெப்பத்தை ஒரு சின்ன போர்டில் வாங்கி எபிக்ஸில் காட்டிவிட்டால், இன்டர்வியூவில் அதைப் பற்றியே அரைமணி நேரம் பேசுவாள்.

கவுன்சலிங்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த ரிலே பேனல் இன்னும் ஸ்டோரில் கிடந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒயரிங் டிராயிங்கோடு அவளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். எந்த ரிலே எதை நிறுத்தியது என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள் அண்ணா.