ரியூனியன் மலையும் என் மேசைக் கல்லும்

கேள்வி: ஐயா, எங்கள் முன்னோர் ஒருவர் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவுக்குப் போனவர். அந்த வழி உறவினர்கள் அனுப்பிய படத்தில் தீவே ஒரு மலையாக நிற்கிறது. நடுக்கடலில் இவ்வளவு பெரிய மலை எப்படி வந்தது?
– வாசகி, காரைக்கால்

பதில்: என் மேசையில் ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. மாணவர்களை மகாபலேஷ்வருக்கு அழைத்துப்போனபோது பொறுக்கியது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதைத்தான் கையில் எடுத்தேன். அந்த மலைக்கு அது மூத்த உறவு.

படத்தில் தெரிவது மலையின் மேல்பாதி கூட இல்லை. பித்தோன் தெ நேஜ் என்ற எரிமலை, அதாவது பனிச் சிகரம், கடலுக்கு மேல் சுமார் 3,070 மீட்டர். கடலுக்குள் இன்னும் 4,000 மீட்டர் இறங்குகிறது. கடல்தரையைக் கிழித்து வந்த லாவா உறைந்து, அதன்மேல் அடுத்தது படிந்து, 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நீருக்கு மேல் வந்துவிட்டது.

ஏன் அந்த இடத்தில்? வகுப்பில் இதற்குத் தையல் மெஷினைச் சொல்வேன். ஊசி ஓரிடத்தில் நிற்கும், துணிதான் நகரும். பூமியின் ஆழத்திலிருந்து சூடான பாறை மேலெழும் வெப்ப ஊற்றுதான் ஊசி. பூமியின் மேலோட்டில் மெல்ல நகரும் பெரும் பாறைத் தட்டுகள்தான் துணி. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் மேல் இருந்தது நம் இந்தியத் தட்டு. அப்போது கொட்டிய லாவாதான் தக்காணப் பீடபூமியின் வடமேற்குப் பகுதி, என் மேசைக் கல்லும் அதுவே. இந்தியா வடக்கே நகர நகர லட்சத்தீவு, மாலத்தீவுகளின் அடித்தளம் தையலாக விழுந்தது. பிறகு இரு தட்டுகளையும் பிரிக்கும் கடல்தரைப் பிளவு ஊசியைக் கடந்துபோகவே, தையல் பக்கத்துத் துணியான ஆப்பிரிக்கத் தட்டில் ஏறியது. அதில் முதலில் மொரீஷியஸ், அடுத்து ரியூனியன். பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்கும் விளக்கம் இது.

பனிச் சிகரம் அடங்கிவிட்டது. தென்கிழக்கில் இருக்கும் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் அடங்கவில்லை. ‘உலைச் சிகரம்’ என்று பொருள், பொருத்தமான பெயர். 2007 ஏப்ரலில் அதன் உச்சிப் பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. லாவா கடலில் விழுந்து தீவுக்குப் புதுநிலம் சேர்த்தது.

கட்டுவது லாவா என்றால் அரிப்பது மழை. 1966 ஜனவரியில், புயலின்போது, ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம்! அப்படிப்பட்ட மழையும் நிலச்சரிவுகளும் குடைந்தவைதான் சலாசி, சிலாவோஸ், மஃபாத் என்ற மூன்று பெரும் பள்ளத்தாக்குகள்.

உறவினர்கள் எந்த ஊர் என்று எழுதவில்லையே, அம்மா. சலாசிப் பக்கம் என்றால், எதிரே நிற்கும் செங்குத்துச் சுவரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மலையின் வயிறு அங்கே திறந்து கிடக்கிறது. எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அடுக்குகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.