மறுசேர்க்கை மனித டிரிப்சின் நாலே நாளில் செத்துப்போவது ஏன்?

நீங்கள் கேட்டது: மறுசேர்க்கை (மரபணுவை வேறு செல்லில் வைத்துத் தயாரித்த) மனித டிரிப்சின், அதாவது புரதத்தை வெட்டும் நொதி, அதன் பொடியைப் பிஹெச் 8 டிரிஸ் பஃபரில் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசலில்) கரைத்து ஃபிரிட்ஜில் வைத்தீர்கள், முதல் நாள் ஆக்டிவிட்டி (வெட்டும் திறன்) அரைகுறை, நாலாம் நாள் சுத்தமாக இல்லை. பொடியைச் சந்தேகிக்கும் முன் கரைத்த பஃபரைச் சந்தேகியுங்கள்.

டிரிப்சினுக்கு இரை கிடைக்காவிட்டால் பக்கத்து டிரிப்சினைத் தின்னும். பிஹெச் 8 அதற்குப் பிடித்தமான சூழல். எனவே ஸ்டாக்கை (சேமித்து வைக்கும் கரைசலை) 1 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வையுங்கள். பிஹெச் 3 வாக்கில் வினைமையத்தில் (வெட்டு நடக்கும் இடத்தில்) உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் புரோட்டான் ஏறி முடங்கிக் கிடக்கும். பிஹெச் ஏறியதும் மறுபடி எழுந்துவிடும். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று கரைத்து, 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து, மைனஸ் 80-இல் வையுங்கள். உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். பொடி டியூபைத் திறக்குமுன் அறை வெப்பத்துக்கு வரவிட்டு ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள்; பாதிப் பொடி மூடியில்தான் ஒட்டியிருக்கும்.

முதல் நாளே அரைகுறை என்பதற்கு வேறு காரணம் இருக்கலாம். லேபிளில் இருப்பது டிரிப்சினா, டிரிப்சினோஜனா? புரத வரிசை ஏபிஎஃப்டிடிடிடிகே (APFDDDDK) என்று தொடங்கினால் அது டிரிப்சினோஜன், அதாவது டிரிப்சினின் இன்னும் விழிக்காத முன்வடிவம். அந்த எட்டு அமினோ அமிலத் துண்டு வெட்டுப்பட்டு, புதிதாக வெளிவரும் ஐசோலூசின் முனை உள்ளே மடங்கி அஸ்பார்டேட் 194-ஐப் பிடித்தால்தான் வினைமையம் ஒழுங்காக அமையும். (புரதத்தை நிக்கல் பிசினில் பிடித்துச் சுத்திகரிக்கச் சேர்க்கும் ஹிஸ்டிடின் வால், அதாவது ஹிஸ் டேக், தொடக்க முனையில் இருந்தால் இந்த வெட்டோடு அதுவும் கழன்றுவிடும். பிறகு அதைக் கொண்டு பிடிக்க நினைத்தால் ஏமாற்றம்தான்.)

விழிக்கவைக்க: 0.1 மோலார் டிரிஸ், பிஹெச் 8.0, 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 0.05% ட்வீன் 20 (மென்மையான சோப்பு போன்ற பொருள்). இதில் மில்லிலிட்டருக்குச் சுமார் 50 மைக்ரோகிராம் டிரிப்சினோஜன், கொஞ்சமாக என்டரோபெப்டிடேஸ் (அந்த எட்டு அமினோ அமிலத் துண்டை வெட்டும் நொதி), 37 டிகிரி. 10 நிமிடத்துக்கு ஒருமுறை சிறிது எடுத்து அளவிடுங்கள். ஏறிச் சமனானால் சரி. ஏறிப் பின் இறங்கினால் தன்னைத்தானே தின்னத் தொடங்கிவிட்டது.

கால்சியத்தை விடவே கூடாது. அது பிடித்திருக்கும் வரை மூலக்கூறின் வளையங்கள் இறுக்கமாக இருக்கும், வெட்டு எளிதில் விழாது. இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) கலந்த பஃபர் கால்சியத்தைப் பறித்துவிடும். பாஸ்பேட் பஃபரோ கால்சியத்தைக் கலங்கலாக வீழ்த்திவிடும். ட்வீன் சேர்ப்பது, நீர்த்த நொதி பிளாஸ்டிக்கில் ஒட்டாமலிருக்க. அதற்குப் பதில் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) போடுபவர்கள், அதுவும் டிரிப்சினுக்கு இரை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அளவீட்டிலும் ஏமாறலாம். பிஏஇஇ (டிரிப்சினை அளக்கக் கொடுக்கும் ஒரு செயற்கை இரை) யூனிட் என்பது 253 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் நிமிடத்துக்கு 0.001 ஏறுவது, நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் என்று கணக்கிடும் யூனிட்டோடு அதை ஒப்பிட்டால் எண்கள் எங்கேயோ போய்விடும். வெட்டுப்பட்டால் மஞ்சள் நிறப் பாரா நைட்ரோஅனிலினை வெளிவிடும் சப்ஸ்ட்ரேட்டை (இரையை) 96 குழித் தட்டில் 405 நானோமீட்டரில் படிக்கிறீர்களா? 200 மைக்ரோலிட்டருக்கு ஒளிப்பாதை 1 சென்டிமீட்டர் கிடையாது, ஏறத்தாழ 0.6 தான். திருத்தாவிட்டால் நல்ல நொதியும் நோஞ்சானாகத் தெரியும்.

கடைசியாக ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை: சோயா டிரிப்சின் தடுப்பானைச் சேர்த்துப் பாருங்கள். ஆக்டிவிட்டி விழவில்லையென்றால் கையில் இருப்பது பிஆர்எஸ்எஸ்1 (மனிதனின் முக்கிய டிரிப்சின்) ஆக இருக்காது. இந்தத் தடுப்பானுக்கு மசியாத மீசோடிரிப்சின் என்ற இன்னொரு மனித டிரிப்சினாகவோ, கூட வந்த வேறு புரோட்டியேஸாகவோ (புரதம் வெட்டும் நொதியாகவோ) இருக்கலாம்.