தியானம் முடிந்ததும் வரும் கோபம்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாக விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, இருபது நிமிடம் மூச்சைக் கவனித்தபடி அமர்கிறேன். இரவு படுக்கப் பன்னிரண்டு ஆகிவிடுகிறது என்றாலும் இதை விடுவதில்லை. அமர்ந்திருக்கும் வரை மனம் அடங்கியிருக்கிறது. எழுந்த பிறகு மகள் எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறேன். தியானத்தின் நடுவில் கூப்பிட்டுவிட்டால் கோபம் இரட்டிப்பாகிறது. நேரத்தைக் கூட்ட வேண்டுமா? அல்லது இது எனக்கு ஒத்துவராதா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நேரத்தைக் கூட்ட வேண்டாம். இருபது நிமிடம் தாராளம்.

அந்த இருபது நிமிடத்தில் உங்களுக்கு அமைதி கிடைக்கிறது. கிடைத்ததும் அதைக் காப்பாற்றத் தோன்றுகிறது. அப்புறம், கலைக்க வருகிறவர் பெற்ற மகளே ஆனாலும் பகையாகத் தெரிகிறார். நீங்கள் செய்யும் இந்த விழிப்புணர்வுத் தியானம் கேட்பது, மனம் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே அதை அறிவதை. அடங்கிய மனத்தை அறிவது எளிது. எரிச்சலில் இருக்கும் மனத்தை அறியும் பயிற்சிதான் உங்களுக்கு வேண்டும்.

இதற்கெல்லாம் மூலமான, சதிபட்டான சுத்தம் என்ற புத்தரின் உரை மூச்சைக் கவனிப்பதில் தொடங்கி வெகுதூரம் போகிறது. நடக்கும்போது, திரும்பிப் பார்க்கும்போது, கையை மடக்கி நீட்டும்போது, உண்ணும்போது, மலஜலம் கழிக்கும்போது, பேசும்போது, பேசாமல் இருக்கும்போது என எல்லா நேரத்தையும் அது பயிற்சிக்குள் கொண்டுவருகிறது. பேச்சும் அதில் இருக்கிறது, பாருங்கள்.

ஆகவே மகள் கூப்பிடும் அந்தக் கணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "அம்மா" என்ற குரல் காதில் விழுந்ததும், உங்கள் வாயிலிருந்து சொல் வருவதற்கு முன்பே உடம்பு தயாராகிவிடுகிறது. பற்கள் ஒன்றையொன்று அழுத்தும். தோள்கள் சற்றே மேலேறும். மூச்சு பாதியில் நிற்கும். இவற்றில் ஒன்றைக் கண்டுகொண்டால் போதும். அதை விரட்ட வேண்டாம். தாடை இறுகியிருக்கிறது என்று அறியுங்கள். நின்ற மூச்சை வெளியே விடுங்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். தொடக்கத்தில் கத்தி முடித்த பிறகுதான் இது நினைவுக்கு வரும். அதுவும் பயிற்சியே, சலித்துக்கொள்ளாதீர்கள். பிறகு கத்திக்கொண்டிருக்கும்போதே தெரியும். சொல் நாக்கில் இருக்கும்போது தெரிவது அதற்கும் அப்புறம்.

தியானம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று விற்கிறவர்கள்மீது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. 1979-ல் ஜான் கபட்-ஜின் என்ற அமெரிக்கர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் விழிப்புணர்வுத் தியானப் பயிற்சியைத் தொடங்கியபோது, நாள்பட்ட வலியோடு வாழ்ந்தவர்களுக்கு மருத்துவத்தோடு சேர்ந்த துணையாகவே கொடுத்தார். தியானத்தைப் பற்றிய 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வந்த மருத்துவ மதிப்பீடு, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைவதாகச் சொன்னது. உடற்பயிற்சி, மருந்து போன்ற மற்ற வழிகளைவிட இது மேலானது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. அந்த ஓரளவே பெரிய உதவி என்பது என் எண்ணம். ஆனால் அமரும்போது பழைய துயரம் ஏதாவது பொங்கி வந்து நாள் முழுக்க ஆட்டிப்படைத்தால், நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒன்று. பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் அதிகம் போனால் ஐந்து மணி நேரத் தூக்கம்தான். தூக்கம் குறைந்தவருக்குச் சின்னச் சத்தமும் எரிச்சலூட்டும். உங்கள் கோபத்தில் பாதி இதுவாகவே இருக்கலாம். தூக்கத்தை வெட்டித் தியானம் செய்யாதீர்கள். மகள் எழுந்த பிறகு, அவள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே பத்து நிமிடம் அமருங்கள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பதில் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.