ரோமின் பாந்தியன் குவிமாடம்: கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகள் அனைத்தும் ரோம் நகரத்தில் உள்ள பழங்கால ரோமானியக் கோயிலான பாந்தியன் கட்டடத்தைப் பற்றியவை. நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் கட்டமைப்புப் பொறியாளன். ஆகவே சுமை, சுவர், விரிசல் ஆகியவற்றைப் பற்றி விரிவாகவும், என் துறைக்கு வெளியே உள்ளவற்றைப் பற்றிச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

கோவையிலிருந்து ஒரு கட்டடப் பொறியியல் மாணவி: கம்பியே இல்லாமல் 43 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் எப்படி நிற்கிறது?

உள்விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து குவிமாடத்தின் நடு உச்சியில் வானத்தை நோக்கித் திறந்திருக்கும் துளை வரையிலான உயரமும் அதே அளவுதான். கம்பி இல்லாத கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. எனவே சுமையை எங்கே வைப்பது, எங்கே குறைப்பது என்பதில்தான் அந்தக் கட்டடக்காரர்களின் கவனம் முழுவதும் இருந்தது. குவிமாடத்தின் தடிமன் அடியில் சுமார் 6 மீட்டர்; துளையின் விளிம்பை எட்டும்போது அது 1.2 மீட்டராகக் குறைந்துவிடுகிறது.

தடிமனை விட முக்கியமானது ஜல்லி. அடித்தளத்தில் கனமான டிராவர்டைன் கல்லைப் போட்டவர்கள், சுவர் எழும்ப எழும்ப எரிமலைத் தூஃபுக் கல்லையும் செங்கல் உடைசலையும் சேர்த்து, உச்சிக்கு அருகில் எடை குறைந்த தூஃபையும் நுரைத்த எரிமலைக் கல்லையும் பயன்படுத்தினார்கள். அவர்களுடைய கான்கிரீட் இன்றுபோல ஊற்றப்படவில்லை என்பதை நினைவில் வையுங்கள். கெட்டியான சாந்தை ஒரு வரிசை பரப்பி, அதன்மேல் கையளவுக் கற்களைக் கையாலேயே அடுக்கி, அடித்து இறுக்கி, அடுத்த வரிசைக்குப் போனார்கள். அப்படி வரிசை வரிசையாக ஏறியதால்தான் எந்த உயரத்தில் எந்தக் கல் என்று தேர்ந்தெடுக்க முடிந்தது. குவிமாடம் முழுவதும் சாதாரண எடையுள்ள கான்கிரீட்டாக இருந்திருந்தால் உள்விசைகள் சுமார் 80 சதவீதம் கூடியிருக்கும் என்று 1986-இல் ராபர்ட் மார்க், பால் ஹட்சின்சன் ஆகிய இருவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

உச்சித் துளையைப் பலவீனமாக நினைக்க வேண்டாம். அதைச் சுற்றியுள்ள செங்கல் வளையம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவில் நெருக்கப்படுகிறது. செங்கல்லுக்கு மிகவும் ஏற்ற நிலை அதுதான்.

மதுரையிலிருந்து ஒருவர்: ரோமானியக் கான்கிரீட்டின் ரகசியம் என்ன?

சுண்ணாம்பும், ரோமைச் சுற்றிக் கிடைக்கும் எரிமலைச் சாம்பல் மண்ணும். இவ்விரண்டும் வினைபுரிந்து நீருக்கும் அசையாத பிணைப்பைத் தருகின்றன. 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, சுண்ணாம்புக் கட்டிகள் கலவைக்குள் தங்கியிருந்து பின்னாளில் விரிசல்களை அடைக்க உதவுகின்றன என்று கூறியது. நல்ல ஆய்வுதான். ஆனால் அதற்கான மாதிரி எடுக்கப்பட்டது பிரிவெர்னம் என்ற ஊரின் மதிற்சுவரிலிருந்து, பாந்தியனிலிருந்து அல்ல. கலவையை மட்டும் பார்த்து ஒரு கட்டடத்தைப் பற்றி முடிவு செய்யக் கூடாது என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். சுமை எந்த வழியாக மண்ணுக்கு இறங்குகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

சேலத்திலிருந்து ஒரு ஆசிரியை: துளை வழியாக மழை உள்ளே விழாது என்கிறார்களே?

விழும். தரை லேசாகச் சரிந்திருக்கிறது. பளிங்கில் வடிகால் துளைகள் இருக்கின்றன.

திருச்சியிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்: அது இறுகி ஒரே கல்லாக ஆகிவிட்ட குவிமாடம் என்றும், அதனால் சுவரின்மேல் பக்கவாட்டு உந்துதலே இல்லை என்றும் எங்களுக்குக் கற்பித்தார்கள். நீங்கள் அதை ஏற்கிறீர்களா?

ஏற்கவில்லை, ஐயா. நீண்ட காலம் பாடநூல்களில் இருந்த கருத்து அது; குவிமாடத்தில் உள்ள விரிசல்கள் அதை மறுக்கின்றன. 1930-களின் தொடக்கத்தில் பழுதுபார்ப்பின்போது ஆல்பெர்டோ தெரென்சியோ, சுவரிலிருந்து குவிமாடத்தின் கீழ்ப்பாதியைத் தாண்டி மேலே ஓடும் செங்குத்து விரிசல்களைப் பதிவு செய்தார். அரைக்கோளத்தின் கீழ்ப்பகுதி தன் எடையால் வெளிப்புறம் விரிய முயலும். அந்த இழுப்பைத் தாங்கக் கம்பியும் இல்லை, இரும்பு வளையமும் இல்லை. எனவே அது பிளந்தது. பிளந்த பிறகு ஆரஞ்சுச் சுளைகளைப் போல நிற்கும் துண்டுகள், உச்சி வளையத்தில் ஒன்றையொன்று சாய்ந்து தாங்கும் வளைவுகளாக வேலை செய்கின்றன. வளைவு என்றால் பக்கவாட்டு உந்துதல் நிச்சயம் உண்டு. அதைத் தாங்கத்தான் கீழே சுமார் 6 மீட்டர் தடிமனுள்ள சுவர் இருக்கிறது.

அதே பொறியாளர்: தெரென்சியோவே அந்த விரிசல்களுக்கு அடித்தளம் சீரற்று இறங்கியதைத்தானே காரணம் காட்டினார்? பிறகு எப்படி அது குவிமாடத்தின் இயல்பாகும்?

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். அவர் அப்படித்தான் கருதினார். அங்கே மண் சேறு கலந்த களிமண் என்பதும், முதல் அடித்தள வளையத்தைச் சுற்றி இன்னொரு வளையம் கட்டி அகலப்படுத்தினார்கள் என்பதும் அவர் கருத்துக்கு வலுச் சேர்ப்பவை. ஆனால் மண் இறங்கியது மட்டுமே காரணம் என்றால் விரிசல்கள் இறங்கிய பக்கத்தில் குவிந்திருக்க வேண்டும். அவை சுற்றிலும் பரவி, பெரும்பாலும் சுவரின் மேற்பகுதியில் உள்ளறைகள் இருக்கும் மெலிந்த இடங்களை ஒட்டியே வந்திருக்கின்றன. கணக்கு எங்கே இழுப்பைக் காட்டுகிறதோ அங்கே விரிசல், எங்கே அமுக்கத்தைக் காட்டுகிறதோ அங்கே விரிசல் இல்லை. இவ்வளவு பொருத்தம் தற்செயலாக வராது. மண் இறங்கியது தூண்டியிருக்கலாம் என்பது வரை உங்களோடு வருகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு கட்டட ஒப்பந்ததாரர்: விரிசல் விட்ட கூரையின் கீழ் மக்களை எப்படி அனுமதிக்கிறார்கள்?

இன்றைய கான்கிரீட்டில் விரிசல் வழியே ஈரம் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டை உடைக்கும். உங்கள் பயம் அங்கிருந்து வருகிறது, அந்த இடத்தில் அது நியாயமான பயமும்கூட. பாந்தியனில் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை. விரிசல்கள் கட்டிய சில காலத்திலேயே தோன்றியவை என்பது தெரென்சியோவின் முடிவு. அதன்படி பார்த்தால் ஏறத்தாழ அதன் ஆயுள் முழுவதும் பிளந்த நிலையிலேயே அது உறுதியாக நின்றிருக்கிறது. வெளியே குவிமாடத்தின் அடியில் தெரியும் ஏழு படி வளையங்கள், சுளைகளின் அடிப்பகுதியை எடையால் அழுத்தி நிலைப்படுத்துகின்றன.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: ரோமானியச் சிமெண்ட் இன்றைய சிமெண்டை விடப் பலமானதா?

அமுக்க வலிமையில் இல்லை. மேலே மதுரை அன்பருக்குச் சொன்னதையே படியுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: பெரிய கோவில் விமானத்தோடு இதை ஒப்பிடலாமா?

இரண்டின் கட்டுமான முறையும் வேறு. விமானம் கருங்கல்லைக் கிடைமட்டமாக அடுக்கி உள்ளே நகர்த்தி எழுப்பியது. அங்கே வளைவின் உந்துதல் இல்லை. கோவில் கட்டடக்கலை அறிஞரிடம் கேட்பதே முறை.

சென்னையிலிருந்து ஒரு வாசகி: முகப்பில் அக்ரிப்பா கட்டியதாக எழுதியிருக்கிறது, நூல்களோ பேரரசர் ஹேட்ரியன் பெயரைச் சொல்கின்றன. எது உண்மை?

‘லூசியஸின் மகன் மார்கஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கான்சலாக இருந்தபோது கட்டினார்’ என்பது அந்த எழுத்தின் பொருள்; கான்சல் என்பது ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவி. அக்ரிப்பாவின் கட்டடம் கி.பி. 80-இல் எரிந்தது, மீண்டும் எழுப்பியது 110-இல் மின்னல் தாக்கி எரிந்தது. இன்று நிற்பது அதற்குப் பிறகு கட்டியது. பழைய பெயரை மட்டும் முகப்பில் பொறித்தார்கள். 1892-இல் ஜார்ஜ் ஷெதான் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் சுவரின் செங்கற்களில் இருந்த முத்திரைகளைப் பார்த்து, அவை அக்ரிப்பாவின் காலத்தவை அல்ல என்று நிறுவினார். முத்திரைகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், ஹேட்ரியனுக்கு முந்தைய பேரரசரான டிராஜன் காலத்திலேயே வேலை தொடங்கி ஹேட்ரியன் காலத்தில் முடிந்தது என்று கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. சூளைக்காரர் அழுத்திய ஒரு முத்திரை முகப்பு எழுத்தை விட நம்பகமான சாட்சி.

வேலூரிலிருந்து ஒருவர்: தொலைந்துபோன அந்த ரகசியக் கலவையை மீண்டும் கண்டுபிடித்துவிட்டார்களா?

ரகசியம் எதுவும் இல்லை. எரிமலை மண்ணையும் சுண்ணாம்பையும் பற்றிக் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார். இக்கேள்வி இனி வேண்டாம்.

புதுச்சேரியிலிருந்து ஒரு ஓவியர்: இத்தனை நூற்றாண்டுகளாக இது கலைஞர்களை ஈர்ப்பது ஏன்? ரஃபேல்கூட அங்கேயே அடக்கமாகியிருக்கிறாரே.

உட்புறத்தைக் கவனமாக அளந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். குவிமாடத்தில் ஐந்து வரிசைகளில், வரிசைக்கு 28 குழிச்சதுரங்கள் இருக்கின்றன. கீழே சுவரோ எட்டுப் பகுதிகளாகப் பிரிகிறது. 28 எட்டால் வகுபடாது. ஆகவே மேலே உள்ள கோடுகள் பெரும்பாலான இடங்களில் கீழே உள்ள தூண்களோடு நேர்கோட்டில் சேர்வதில்லை. சுவர்மேல் அமர்ந்திருக்கும் குவிமாடம் அதிலிருந்து விலகி நிற்பதாகக் கண்ணுக்குப் படுகிறது. ஒவ்வொரு குழியின் உட்படிகளும் நடுவாக வெட்டப்படாமல், தரையின் நடுவில் நிற்பவரின் பார்வைக்கு ஏற்பச் சாய்த்து வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் குழிகளுக்கு மேலாக, துளையிலிருந்து விழும் ஒளிவட்டம் நாள் முழுவதும் நகர்கிறது. ஏப்ரல் 21, அதாவது ரோம் நகரம் பிறந்ததாகக் கொண்டாடும் நாளில், நண்பகல் ஒளி வாசலில் விழும்.

இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். 609-இல் அது தேவாலயமாக்கப்பட்டது. 663-இல் கூரையின் வெண்கல ஓடுகளும், 1620-களில் முகமண்டபத்தின் வெண்கல உத்தரங்களும் பறிபோனாலும், கட்டடம் பயன்பாட்டிலேயே இருந்ததால் கூரையைக் கவனித்துப் பழுதுபார்க்க ஆட்கள் இருந்தார்கள். எந்தக் கலவையும் பராமரிப்புக்கு ஈடாகாது. இதே ரோமில் அதே சுண்ணாம்பாலும் அதே மண்ணாலும் கட்டி, கைவிடப்பட்டு இடிந்துபோனவை ஏராளம்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவர்: அடுத்த மாதம் ரோம் போகிறேன். விரிசலை நேரில் பார்க்க முடியுமா?

உள்ளே பூச்சு மறைத்திருப்பதால் எளிதில் தெரியாது. கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய் வெளிச்சுவரைப் பாருங்கள். மேற்பூச்சு போய்விட்டதால், சுவருக்குள் புதைந்த பெரிய செங்கல் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். குவிமாடத்தின் எடையை மாடக்குழிகளின் மேல் இறங்கவிடாமல் எட்டுத் தூண்திரள்களுக்குத் திருப்பிவிடுபவை அவைதான்.