எண்பது பேரா, இரண்டு வகுப்பா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணிதம் கற்பிக்கும் ஆப் ஒன்றை உருவாக்கும் குழுவில் இருக்கிறேன். பின்னங்கள் பாடத்துக்கு ஒரு சோதனை நடத்தினோம். ஒரே பள்ளி, இரண்டு வகுப்புகள், தலா 40 பேர். ஒரு வகுப்புக்கு ஆறு வாரம் ஆப், மற்றதற்கு வழக்கமான பாடம். இறுதித் தேர்வில் சராசரி 71, 64. இரண்டு வகுப்பிலும் திட்ட விலக்கம் 12. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையில் பி மதிப்பு 0.01 வந்தது, அதாவது ஆப்பால் பயனே இல்லை என்றாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. ஆய்விதழுக்கு அனுப்பினோம். "உங்கள் மாதிரியின் அளவு 80 அல்ல, 2" என்று ஒரே வரியில் நடுவர் திருப்பி அனுப்பிவிட்டார். 80 பேர் எழுதிய தேர்வு எப்படி 2 ஆகும்? மாணவர், வகுப்பு என்று அடுக்கடுக்காகக் கணக்கிடும் மல்டிலெவல் மாடல் போட்டால் சரியாகிவிடுமா? எங்கள் மனிதவளப் பிரிவும் ஒரு புதிய பயிற்சியை இரண்டு அணிகளை வைத்து இதேபோல் சோதிக்கப்போகிறது. அதற்குள் தெரிந்துகொண்டால் நல்லது.

ச.

அன்புள்ள ச.,

நடுவர் சொன்னது சரி. இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம், அவ்வளவுதான்.

'இதற்கு ஆப் உண்டு, அதற்கு இல்லை' என்று எதைப் பிரித்தீர்களோ அதுதான் மாதிரியின் அலகு. நீங்கள் பிரித்தது மாணவர்களை அல்ல, வகுப்புகளை. ஒரு வகுப்பில் இருக்கும் 40 பேருக்கும் ஆசிரியர் ஒருவர்தான். பாடவேளை ஒன்றுதான். காலை முதல் மணியில் பாடம் நடந்ததா, மதியம் கண் சொக்கும் நேரத்தில் நடந்ததா என்பது நாற்பது பேரையும் சேர்த்தே தூக்கும், சேர்த்தே இறக்கும். டி சோதனையோ ஒவ்வொரு மதிப்பெண்ணும் மற்றதைச் சாராதது என்று நம்பிக்கொண்டு கணக்குப் போடுகிறது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். ஒரே வகுப்புப் பிள்ளைகள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைச் சொல்வது உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு. பள்ளித் தேர்வுகளில் இது 0.2 அளவில் இருப்பது சாதாரணம். வகுப்புக்குள் திட்ட விலக்கம் 12 என்றால், அந்தக் கெழுவின்படி வகுப்புச் சராசரிகளே தங்களுக்குள் 6 மதிப்பெண் திட்ட விலக்கத்தோடு சிதறியிருக்கும். அப்படியானால் ஆப் என்ற பேச்சே இல்லாத இரண்டு வகுப்புகளின் சராசரி வித்தியாசத்துக்குத் திட்ட விலக்கம் கிட்டத்தட்ட 9. நீங்கள் கண்ட வித்தியாசம் 7. எந்த இரண்டு வகுப்பை எடுத்திருந்தாலும் வந்திருக்கக்கூடிய வித்தியாசம் அது.

மல்டிலெவல் மாடல் இங்கே காப்பாற்றாது. வகுப்புக்கு வகுப்பு எவ்வளவு சிதறல் என்று அது கணிக்க வேண்டுமானால், ஒரே பக்கத்தில் (ஆப் பக்கமோ, வழக்கமான பாடப் பக்கமோ) குறைந்தது இரண்டு வகுப்பாவது இருக்க வேண்டும். பக்கத்துக்கு ஒன்றுதான் என்றால் ஆப்பின் விளைவும் வகுப்பின் விளைவும் ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கின்றன. எந்த மென்பொருளாலும் அதைப் பிரிக்க முடியாது. மென்பொருள் ஏதோ ஒரு விடையைத் துப்பினால் அதை இன்னும் அதிகமாகச் சந்தேகியுங்கள்.

இது கல்வித்துறையின் தனி நோய் அல்ல. ஒரு தொட்டியில் 40 மீன், பக்கத்துத் தொட்டியில் 40 மீன், ஒன்றில் மட்டும் புதிய தீவனம். அந்தத் தொட்டியின் ஹீட்டர் ஒரு டிகிரி கூடுதலாக ஓடினால் 40 மீனும் சேர்ந்து வளரும், பெயர் தீவனத்துக்குப் போய்விடும். ஆய்வகத்தில் ஒரே ஃபிளாஸ்க்கில் வளர்ந்த செல்களை ஆறு குழிகளில் ஊற்றிவிட்டு ஆறு சோதனை என்று எழுதுவதும் இதே கதைதான். சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் இதற்கு 'சூடோரெப்ளிகேஷன்' என்று பெயர் வைத்தார். போலிப் பெருக்கம் என்று சொல்லலாம். அவர் அலசிய 176 களச் சோதனைகளில், புள்ளியியல் சோதனை போட்டிருந்தவற்றில் 48 சதவீதத்தில் இந்தப் பிழை இருந்தது. ஆகவே ரொம்பவும் வெட்கப்பட வேண்டாம்.

சரி, எத்தனை வகுப்பு வேண்டும்? ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று என்று ஆறு வகுப்புகளைப் பிரிக்க 20 வழிகள். மூன்று ஆப் வகுப்புகளும் மற்ற மூன்றையும் முந்தினாலும், குலுக்கலை மட்டும் நம்பிப் போடும், எந்தப் பக்கம் முந்தினாலும் கணக்கில் எடுக்கும் இருபக்கச் சோதனையில் பி மதிப்பு 20இல் 2, அதாவது 0.1. அதற்குக் கீழே இறங்காது. பக்கத்துக்கு நான்கு என்றால் வழிகள் 70, பி மதிப்பு 0.03 வரை, அதாவது வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே, இறங்கும். ஆக நான்கு என்பது அடிமட்டம். எட்டுப் பத்து இருந்தால்தான் நிம்மதி. வகுப்பைப் பெரிதாக்குவதில் லாபம் குறைவு. அதே 0.2 கெழுவின்படி, 200 மாணவர்கள் 40 பேர் கொண்ட 5 வகுப்புகளாக இருந்தால், தனித்தனியான 23 பேர் தரும் தகவல்தான் கிடைக்கும். 20 பேர் கொண்ட 10 வகுப்புகளாக இருந்தால் 42 பேர். வகுப்புகள் கொஞ்சமாக இருக்கும்போது மல்டிலெவல் மாடலோடு சிறிய மாதிரிகளுக்கான கென்வர்ட்-ரோஜர் திருத்தத்தையும் சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் பி மதிப்பு இருக்க வேண்டியதைவிடச் சிறிதாக வரும்.

அத்தனை வகுப்புக்கு வழியில்லை என்றால் கேள்வியைச் சுருக்குங்கள். எல்லோருக்கும் ஆப் கொடுங்கள். தவறான விடைக்குக் குறிப்பு காட்டும் வடிவம் பாதிப் பேருக்கு, வெறும் 'தவறு' என்று சொல்லும் வடிவம் மீதிப் பேருக்கு. யாருக்கு எது என்பதை வகுப்புக்குள்ளேயே சர்வர் குலுக்கிப் போடட்டும். இப்போது அலகு மாணவர்தான். 'ஆப் நல்லதா' என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை, 'குறிப்பு உதவுகிறதா' என்பதற்கு உண்டு. ஆப் செய்யும் குழுவுக்கு இரண்டாவது கேள்விதான் அதிகம் பயன்படும் என்பது என் கட்சி. பக்கத்து இருக்கைக்காரரின் திரையை எட்டிப் பார்ப்பார்கள். அதனால் வித்தியாசம் கொஞ்சம் மங்கும்.

எப்படிச் செய்தாலும் முன்தேர்வு ஒன்று வையுங்கள். முன்தேர்வுக்கும் இறுதித் தேர்வுக்கும் ஒட்டுறவு 0.7 இருந்தால், மதிப்பெண்ணின் மாறுபாட்டில் பாதியை அதுவே விளக்கிவிடும்.

குலுக்கிய பிறகு யாரும் கை வைக்கக் கூடாது. 1930இல் ஸ்காட்லாந்தின் லானார்க்ஷயரில் 67 பள்ளிகள், 20,000 குழந்தைகள், பாதிப் பேருக்கு தினமும் பால் என்று ஒரு பெரிய சோதனை நடந்தது. பிரிவினை சமமாகத் தெரியாவிட்டால் ஆட்களை மாற்றிக்கொள்ள ஆசிரியர்களுக்கு அனுமதி இருந்தது. விளைவு, பால் பெறாத குழந்தைகள் தொடக்கத்திலேயே சுமார் மூன்று மாத வளர்ச்சி அளவுக்கு எடை கூடியவர்களாக இருந்தார்கள். இளைத்த பிள்ளைக்குப் பால் போகட்டும் என்று நினைக்காத ஆசிரியர் உண்டா? போதாததற்கு, பிப்ரவரியில் குளிர்கால உடையோடும் ஜூனில் கோடை உடையோடும் எடை பார்த்தார்கள். இதையெல்லாம் 1931இல் பிட்டுப் பிட்டு வைத்தவர் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய புள்ளியியலாளர் காசெட். நீங்கள் போட்ட டி சோதனையைத் தந்தவரே அவர்தான்.

கையில் இருக்கும் தரவைத் தூக்கி எறிய வேண்டாம். பி மதிப்பை எடுத்துவிட்டு, இரண்டு வகுப்பின் மதிப்பெண் பரவலையும் ஆப்பை யார் எத்தனை நிமிடம் பயன்படுத்தினார் என்ற பதிவையும் முன்னோட்ட ஆய்வு என்ற தலைப்பில் கொடுங்கள். வகுப்புக்குள் உள்ள திட்ட விலக்கம் அடுத்த சோதனையைத் திட்டமிட உதவும்.

மனிதவளப் பிரிவுக்கு: இரண்டு அணி வேண்டாம். எட்டு அணிகளை எடுத்து வரிசையைக் குலுக்கிப் போட்டு, மாதத்துக்கு இரண்டு அணியாகப் பயிற்சிக்குள் கொண்டுவாருங்கள். எல்லா அணியின் உற்பத்தியையும் முதல் மாதத்திலிருந்தே அளந்துவாருங்கள். காத்திருக்கும் அணிகள்தான் ஒப்பீடு. பயிற்சியோடு சேர்ந்து வேறு என்ன மாறியது என்பதையும் தேதியோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஹாதோர்ன் ஆலையில் 1927இல், ரிலே என்ற தொலைபேசிக் கருவிப் பாகத்தைப் பூட்டும் ஐந்து பெண்களைத் தனி அறைக்கு மாற்றி ஓய்வு நேரத்தின் விளைவைப் பார்த்தார்கள். கூடவே ஊதியக் கணக்கும் பெரிய குழுவிலிருந்து அந்த ஐந்து பேருக்குள் சுருங்கியது. 1928 ஜனவரியில் இரண்டு பேரை வெளியே அனுப்பி வேறு இருவரை உட்கார வைத்தார்கள். உற்பத்தி கூடியது எதனால் என்று இன்னமும் விவாதம் ஓய்ந்தபாடில்லை.