மச்சு பிச்சுவுக்கு நடந்து போறதெண்டா தூரத்தை விடுங்கோ, உயரத்தைப் பாருங்கோ

கிளிநொச்சியில படிப்பிக்கிற ஒரு அக்கா கேட்டிருக்கிறா. கனடாவில இருக்கிற தம்பியும் அவற்ற 17 வயசு மகளும் வாற வருசம் பெரு நாட்டுக்குப் போகினமாம், இன்கா ஆக்கள் அந்தக் காலத்தில மலைக்குள்ளால போட்ட இன்கா பாதையால 4 நாள் நடந்து, அவையின்ர பழைய இடிஞ்ச நகரமான மச்சு பிச்சுவுக்குப் போக இவவையும் வரச் சொல்லியிருக்கினம். அவவுக்கு 46 வயசு. "பிரைவேற் கைட் எண்டாக் காசு கூடவாம், அது தேவையோ? ஒரு கொம்பனி பிரைவேற் பெர்மிற் எடுத்துத் தாறம் எண்டுது. 43 கிலோமீற்றர் தானே, வன்னியில நடந்து பழகின எங்களுக்கு அது ஒரு பெரிய வேலையோ?" எண்டு எழுதியிருக்கிறா.

அக்கா, நடையைப் பற்றி வன்னிச் சனத்துக்கு ஒருத்தரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனா நாங்கள் நடந்ததெல்லாம் தட்டை நிலத்தில. எங்கட நாட்டின்ர ஆக உயர்ந்த மலை பீதுருதாலகால 2,524 மீற்றர், நீங்கள் போய் இறங்கப்போற குஸ்கோ நகரமே 3,400 மீற்றரில இருக்கு, அதாவது பிளேனால இறங்கி பாக் எடுக்கேக்கயே எங்கட நாட்டில ஒருத்தரும் நிண்டிராத உயரத்தில நிப்பியள். ரெண்டாம் நாள் ஏறுற கணவாய் 4,215 மீற்றர், அந்த ஊர்ப் பாசையில அதுக்குப் பேரே செத்த பொம்பிளைக் கணவாய் எண்டுதான், பயப்பிடாதேங்கோ, மலை ஒரு பொம்பிளை படுத்திருக்கிற மாதிரித் தெரியிறதால வந்த பேர். சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கத்தால ஏறியிருப்பியள், அது கிட்டத்தட்ட 1,000 மீற்றர் ஏற்றம். இங்க ரெண்டாம் நாள் மட்டும் 1,200 மீற்றர் ஏற்றம், அதுவும் மேல போகப் போக காத்தழுத்தம் கடல்மட்டத்தில இருக்கிறதின்ர 60 வீதத்துக்கு வந்திடும். ஒவ்வொரு மூச்சிலயும் ஒக்சிசன் அவ்வளவுதான்.

அதால காசைச் செலவழிக்கிறதெண்டா முதல்ல நாளுக்குச் செலவழியுங்கோ. குஸ்கோவில இறங்கின உடன வாகனம் பிடிச்சு ஒல்லந்தைதம்போப் பக்கம் இறங்கிப் படுங்கோ, அது 2,800 மீற்றர்தான், அங்க ரெண்டு இரவு, பிறகு குஸ்கோவில ஒண்டு ரெண்டு இரவு, அதுக்குப் பிறகுதான் நடை. தலையிடி, சத்தி, நித்திரையில்லாமை கொஞ்சம் வரலாம், வந்தா இன்னும் மேல ஏறாம நிண்ட இடத்தில நிக்கவேணும். நடக்கேக்க வெறிகாரர் மாதிரித் தள்ளாடினாலோ சும்மா இருக்கேக்கயே மூச்சு வாங்கினாலோ உடன கீழ இறக்கவேணும், விடியட்டும் எண்டு பாக்கிற கதையே இல்லை. உயரத்தால வாற இந்த வருத்தத்துக்குக் குடுக்கிற டயமொக்ஸ் குளிசையைப் பற்றி உங்கட டொக்டரோட முதலே கதையுங்கோ, சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாத ஆளெண்டா கட்டாயம் சொல்லுங்கோ. கொக்கா இலைத் தேத்தண்ணி தருவினம், குடிக்கலாம், இலையை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்திடாதேங்கோ.

இனி பிரைவேற் கதை. பிரைவேற் பெர்மிற் எண்டு ஒரு சாமான் கிடையாது, அப்பிடிச் சொல்லுற கொம்பனியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, கைட், சமையல்காரர், சுமைகாரர் எல்லாரும் அந்த 500க்குள்ள, மிஞ்சிறது வெளியில இருந்து வாறாக்களுக்கு 200 போலதான். லைசன்ஸ் உள்ள கொம்பனியோட இல்லாமத் தனிய நடக்கவும் ஏலாது. பாதையும் காம்ப் அடிக்கிற இடமும் எல்லாருக்கும் ஒண்டுதான். பிரைவேற் எண்டு நீங்கள் காசு குடுக்கிறது உங்கட கைட்டுக்கும் உங்கட நடை வேகத்துக்கும். ஆனா உங்கட ஆக்களுக்கு அது வேணும் எண்டுதான் நான் சொல்லுவன், ஏனெண்டா 17 வயசுப் பிள்ளை ஓடும், நீங்கள் மெல்லப் போகவேணும், 14 பேர் இருக்கிற குரூப்பில மெல்லப் போற ஆள் வெக்கத்தில மூச்சுப் பிடிச்சுக்கொண்டு ஏறிப்போட்டு ராத்திரி வருத்தத்தில படுக்கிறதை நான் கண்டிருக்கிறன். இன்னுமொண்டு, பிரைவேற் எண்டா அதே பாதையை 5 நாளாக்கிக் கேக்கலாம். நானெண்டா ஹொட்டேல் காசைக் குறைச்சு அந்த ஒரு நாளை வாங்குவன்.

இடிபாடுகளைப் பாக்கத்தானே போறியள், அதுக்கும் நேரம் வேணும். மூண்டு பக்கமும் பள்ளமா இருக்கிற சயக்மார்க்கா, கடைசி இரவுக்குக் கிட்ட வாற வினாய் வைனா, இதெல்லாம் நடந்து போறாக்களுக்கு மட்டும் கிடைக்கிற இடங்கள். வினாய் வைனாவில மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாத் தோட்டம் வெட்டி, தண்ணியை ஒரு தொட்டியில இருந்து அடுத்த தொட்டிக்கு இறக்கி விட்டிருக்கினம், குளமும் வாய்க்காலும் பாத்து வளர்ந்த எங்களுக்கு அதில மணித்தியாலக் கணக்கா நிக்கலாம். பெர்மிற் கிடைக்காட்டி சல்கந்தாய் பாதையால போகச் சொல்லுவினம், வடிவான மலைதான், ஆனா கணவாய் 4,600 மீற்றர், இடிபாடும் குறைவு. அதைவிட 104ஆம் கிலோமீற்றரில ரெயிலால இறங்கி நடக்கிற சின்னப் பாதைக்குப் பெர்மிற் கேளுங்கோ, அது வினாய் வைனாவாலதான் போகுது, உயரமும் குறைவு.

மாசம் எண்டா மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் மழை குறைவு, ராத்திரிக் குளிர் பொல்லாது. பெப்ரவரியில பாதை பூட்டு. மே, ஜூனுக்கு ஆறேழு மாசத்துக்கு முதலே பெர்மிற் முடிஞ்சிடும், எடுத்தாப் பிறகு பேரும் மாத்தேலாது திகதியும் மாத்தேலாது. எங்கட ஆக்கள் பிழை விடுறது இதிலதான், முதலெழுத்தைப் போட்டுப் பேரைக் குடுத்திடுவினம், பாஸ்போட்டில அப்பான்ர பேர் முழுசா இருக்கும். பாஸ்போட்டில இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து குடுங்கோ. முடியிற காலம் கிட்டவெண்டா முதல்ல வவுனியாக் கந்தோருக்குப் போய்ப் புதுசு எடுத்துப்போட்டு அந்த நம்பரைக் குடுங்கோ, நடை தொடங்கிற இடத்தில அசல் பாஸ்போட்டைப் பாத்துத்தான் விடுவினம். தம்பிக்குக் கனடாப் பாஸ்போட் எண்டா விசா தேவையில்லை, உங்களுக்கு வேணும், அதால விசா கிடைக்காட்டிக் கட்டின காசில எவ்வளவு திருப்பித் தருவினம் எண்டு எழுத்தில வாங்கிப்போட்டுக் காசைக் கட்டுங்கோ. இன்சூரன்சில எத்தினை மீற்றர் உயரம் வரைக்கும் காப்பு எண்டதையும் வாசியுங்கோ, கனக்க பொலிசி கணவாய்க்குக் கீழயே நிண்டிடும்.

பயிற்சிக்கு இரணைமடுக் கட்டில பின்னேரத்தில முதுகுப்பையோட நடவுங்கோ, ஆனா அது காலுக்குத்தான், முழங்காலுக்குப் படி வேணும். பள்ளிக்கூட மேல்மாடிப் படியில 5 கிலோ பையோட ஏறி இறங்குங்கோ, இறங்கிறதுதான் முக்கியம், கணவாய்க்கு அங்கால முழுக்கக் கல்லுப்படி. டிசம்பருக்கும் மேக்கும் இடையில ரெண்டுதரம் சிவனொளிபாதம் ஏறுங்கோ. சப்பாத்தை இப்பவே வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போங்கோ, பிள்ளையள் சிரிக்கட்டும்.

கொம்பனியிட்டக் கேக்க ஒரு கேள்வி இருக்கு, சுமைகாரருக்கு என்ன சாப்பாடு, எங்க படுப்பினம் எண்டு. ஆம்பிளைச் சுமைகாரருக்குச் சட்டப்படி 20 கிலோதான், தராசில நிறுத்துத்தான் விடுவினம், உங்கட பையையும் அதுக்கேத்த மாதிரிக் கட்டுங்கோ. கடைசி இரவு அவைக்குச் சந்தோசமா டிப்ஸ் குடுக்கிறது வழமை, சோல் எண்டிற பெரு நாட்டுக் காசில சின்னச் சின்ன நோட்டா மாத்தி வைச்சு ஒவ்வொருத்தரின்ர கையிலயும் நீங்களே குடுங்கோ.