கேளுங்கள், சொல்கிறேன்: ஆறு எப்போது விழும்?

கேள்வி: மாரி தொடங்கினால் பின்னேரத்தில் பிள்ளைகளோடு லூடோதான். போன கிழமை பத்துத் தரம் எறிந்தும் எனக்கு ஆறு விழவில்லை, ஒரு காய்கூட வெளியே வரவில்லை. "பத்துத் தரம் வரேல்லை, இனி வந்துதான் தீரும்" என்கிறார் மாமா. பதினோராவது எறிக்கு வாய்ப்புக் கூடுமா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: இல்லை அக்கா, கூடவும் இல்லை குறையவும் இல்லை, அதே ஆறில் ஒன்றுதான். மாமா மனதில் இருப்பது ஒரு டொபிப் பை. பையில் ஆறு டொபி, அதில் ஒன்று மட்டும் சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டே போனால், ஐந்து எடுத்தும் சிவப்பு வராதபோது ஆறாவது சிவப்பேதான், அங்கே மாமா சொல்வது நூறு வீதம் சரி. தாயக்கட்டையில் அப்படியில்லை, எடுத்த டொபியை ஒவ்வொரு முறையும் திரும்பப் பைக்குள் போட்டுக் குலுக்குகிறோம்.

சரி, பத்து எறியிலும் ஆறு விழாமல் போவது அவ்வளவு அதிசயமா? ஒரு எறியில் விழாமலிருக்க 5/6. அதைப் பத்துத் தரம் பெருக்க வேண்டும், போனில் உள்ள கல்குலேட்டரே போதும், 0.16 சொச்சம் வரும். 100 பேர் விளையாட இருந்தால் 16 பேர் அளவில் உங்களைப் போலவே முழிசிக்கொண்டிருப்பார்கள். இன்னும் ஒன்று: நாலு பேர் விளையாடினால் அவர்களில் ஒருவருக்காவது முதல் பத்து எறியில் ஆறு விழாமல் போகும் வாய்ப்பு, 0.84ஐ நாலு தரம் பெருக்கி 1இலிருந்து கழித்துப் பாருங்கள், ஏறத்தாழப் பாதி! இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றில் யாரோ ஒருவர் புறுபுறுத்துக்கொண்டுதான் இருப்பார், போன கிழமை அது உங்கள் முறை.

கேள்வி: இரண்டு தாயக்கட்டையை எறிந்து கூட்டுத்தொகை 11 வர 5உம் 6உம், 12 வர இரண்டு 6. இரண்டுக்கும் ஒவ்வொரு வழிதானே? எங்கள் சேர் 11க்கு வாய்ப்பு இரண்டு மடங்கு என்கிறார். விழக்கூடிய விதங்கள் மொத்தம் 36 என்றும் சொல்கிறார், நான் எண்ணினால் 21தான் வருகிறது.
– சாதாரண தர மாணவன், கிளிநொச்சி

பதில்: தம்பி, நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸே 11க்கும் 12க்கும் சம வாய்ப்பு என்றுதான் நினைத்தார், அதனால் வெட்கப்பட வேண்டாம். ஆனால் பரீட்சையில் புள்ளி கிடைக்காது. அக்காவின் நகப்பூச்சை எடுத்து ஒரு கட்டைக்குப் பொட்டு வையுங்கள். பொட்டுக் கட்டை 5, மற்றது 6 என்று விழுவது ஒன்று. பொட்டுக் கட்டை 6, மற்றது 5 என்று விழுவது இன்னொன்று. 6, 6 விழுந்தால் மாற்றிப்போட ஒன்றுமே இல்லை. இப்போது பொட்டை அழித்துவிட்டு எறிந்தால் மட்டும் கட்டை வேறு மாதிரி விழப்போகிறதா என்ன? நீங்கள் எண்ணிய 21உம் சரியான எண்ணிக்கைதான், ஆனால் அந்த 21உம் சம வாய்ப்புள்ளவை அல்ல, சிக்கல் அங்கேதான். கொப்பியில் நெய்யரி, அதாவது ஒரு கட்டையின் 1 முதல் 6 வரை கிடையாகவும் மற்றதன் 1 முதல் 6 வரை நிலைக்குத்தாகவும் வைத்த கட்டம், கீறுங்கள், 36 புள்ளி வரும். 11க்கு 2/36, 12க்கு 1/36. கையோடு 7 வரும் புள்ளிகளையும் வட்டமிட்டுப் பாருங்கள், மூலைக்கு மூலை ஒரே சாய்கோட்டில் ஆறு நிற்கும்.

கேள்வி: தாயம் விளையாட நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்து வைத்திருக்கிறோம். நாலும் வெள்ளை விழ 1/16 தானே?
– மல்லாவி வாசகர்

பதில்: வெள்ளையும் கறுப்பும் சமமாக விழுந்தால் 1/16. ஆனால் சமம் என்று யார் சொன்னது? சீமெந்துத் தரையில் தேய்த்த பக்கம் தட்டை, மற்றப் பக்கம் உப்பல். பாடப்புத்தகம் 'கோடாத', அதாவது எல்லாப் பக்கமும் சம வாய்ப்போடு விழும், தாயக்கட்டை என்று சொல்லிச் சொல்லிக் கேட்பது இதற்காகத்தான். ஒரு கொட்டையை நூறு தரம் எறிந்து எண்ணுங்கள். 60 தரம் வெள்ளை விழுந்தது, மற்ற மூன்றும் அப்படியே என்றால், 0.6ஐ நாலு தரம் பெருக்க 0.13 வருகிறது, 1/16இன் இரண்டு மடங்குக்கு மேல். நாலையும் தனித்தனியாகவே எறிந்து பாருங்கள், தேய்த்த கை எல்லாவற்றையும் ஒரே அளவில் தேய்த்திருக்காது.